ஆள் ஏறாத எடை

மெஷினில் ஏற்றிப் பார்க்காமலேயே மாணவர்களின் எடையை எழுதினேன். அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

நாற்பதுகளில், யுத்த காலம். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தேகப்பயிற்சி ஆசிரியர். டெர்முக்கு ஒரு முறை ஒவ்வொரு மாணவனையும் எடை மெஷினில் ஏற்றி அவன் கார்டில் எழுத வேண்டும். கார்டில் எடை இறங்கியிருந்தால்தான் டாக்டர் கூப்பிட்டுப் பார்ப்பார். கடைசி டெர்மில், விளையாட்டுப் போட்டி வேலை மும்முரம். முந்தின எடையோடு ஆளுக்கு இரண்டு ராத்தல் கூட்டி எழுதிவிட்டேன். வளர்கிற பிள்ளைகள்தானே!

அட்டெண்டர் முனுசாமி சிரித்தான். "இன்னா சார், ஆளே ஏறலை, எடை மட்டும் ஏறிக்கினு கீது!"

ஒரு வாரம் கழித்து ஜெரோம் வந்தான். சாந்தோம் பையன்; அப்பா பள்ளி ஆசிரியர். பி.ஏ. பரீட்சையில் ஒரு முறை தவறியவன். சட்டை தோளில் நிற்கவில்லை.

"சார், டாக்டர்கிட்ட அனுப்புங்க சார். புஸ்தகத்தைத் திறந்தாலே வயித்தைப் புரட்டுது. சோறு இறங்க மாட்டேங்குது. வீட்ல நடிக்கிறேங்கறாங்க."

கார்டை எடுத்துக் காட்டினேன். "ரெண்டு ராத்தல் ஏறியிருக்கேப்பா!"

"நான் மெஷின்ல ஏறவே இல்லையே சார்?"

"ஏறினியேப்பா. படிச்சுப் படிச்சு மறந்துட்டே."

அவன் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கும் சார். இப்பல்லாம் எதுவும் மனசுல நிக்கறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாவது பேப்பர் அன்று பரீட்சை ஹாலில் மயங்கி விழுந்தான். டாக்டர் மெஷினில் ஏற்றினார். கார்டில் நூற்றுப் பதினெட்டு, மெஷினில் தொண்ணூற்றேழு.

"எது பொய் சொல்லுது மாஸ்டர்?"

"கார்டு, சார். நான்தான்."

அன்று மாலையே சாந்தோம் போய் அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கார்டுல ஏறியிருக்குன்னு அவனே வந்து சொன்னான். அதை நம்பித்தான் சார் அவனைக் கை நீட்டி அடிச்சேன்" என்றார்.

அந்த வருஷப் பரீட்சை போயிற்று. டாக்டர் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வாரா வாரம் எடை பார்க்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்ற மாணவர்களையும் அதன் பிறகு ஒருவர் விடாமல் ஏற்றித்தான் எழுதினேன். ஜெரோம் மெல்லத் தேறினான், மறுவருஷம் பாஸும் செய்தான்.

ஆனால் அந்த வருஷம் முழுக்க, மெஷினில் ஏறியதும் நான் வாய் திறக்கும் முன் அவனே குனிந்து முள்ளைப் பார்ப்பான். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீங்க எழுதுங்க சார். எவ்வளவுன்னு நான் சொல்றேன்."