முள் தைத்தும் தெரியாத கால்

பாகூர்ப் பக்கம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை சுகர்காரர்களின் நாள். எங்களை முதலில் பார்ப்பவர் டாக்டர் இல்லை, நர்ஸ். அதற்கென்று மேல்படிப்பு படித்து வந்தவர். ரத்தம், கண், கால் எல்லாம் பார்த்து, டாக்டரிடம் யார் போக வேண்டும் என்பதையும் அவரே பிரித்து அனுப்புவார்.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. நான் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன். அந்தப் பெண்ணுக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். ‘டாக்டர் உள்ளே சும்மா இருக்கும்போது இந்தம்மாவிடம் எதற்குக் காட்ட வேண்டும்?’ என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வரிசையில் உட்காருவேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வாசலுக்கு வந்து, நாங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். செருப்புக் கடை வைக்கப் போகிறாரோ என்று நான் கிண்டல் செய்ததும் உண்டு.

ஒரு செவ்வாயன்று அப்படி ஒரு செருப்பைத் தூக்கிப் பிடித்தார். அடியில் கருவேல முள் ஒன்று ஏறி ஒடிந்திருந்தது. அதன் நுனி கால் வைக்கிற பக்கம் துருத்திக்கொண்டிருந்தது.

“இது யாருது?”

என்னுடையதுதான். கழனிக்குப் போட்டுப் போவது, வார் பிய்ந்து ஊக்கு குத்தியது. வரிசையில் பாதிப் பேர் என் மாணவர்களைப் பெற்றவர்கள். யாருடையதோ என்பதுபோல் நானும் எட்டிப் பார்த்தேன். நடவுக்குப் போகிற அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர் விடுவாரா?

“வாத்தியார்துதாம்மா. எங்கண்ணு முன்னாடிதான் கழட்டினாரு. இன்னா சார், சொல்லக்கூடாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். மானம் கப்பலேறியது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. வரிசையை நிறுத்திவிட்டு என்னை உள்ளே அழைத்துப்போய், என் பாதத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார். பெருவிரலுக்குக் கீழே ஓட்டை விழுந்து சீழ் வைத்திருந்தது. சிவப்பு மேல்பாதம் வரை ஏறியிருந்தது. நான் கழனிக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. நாலு நாளும் அந்த முள்மேல்தான் நடந்திருக்கிறேன். துளி வலி இல்லை.

“கண்ண மூடிக்குங்க சார். நைலான் நரம்பால கால்ல தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க.”

மூடிக்கொண்டேன். பரீட்சையில் தோற்க எந்த வாத்தியாருக்கு மனம் வரும்? கொஞ்சம் பொறுத்து, “இப்ப,” என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “இப்பவும்.”

“சார், நான் இன்னும் தொடவே இல்ல.”

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டரை அவரே கூட்டி வந்து காட்டினார். ஊசி போட்டார்கள். கட்டுக்கு மேலே, சிவப்பு நின்ற இடத்தில் பேனாவால் கோடு ஒன்று போட்டார் நர்ஸ். “செவப்பு இந்தக் கோட்டத் தாண்டிச்சின்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. விட்டா காலையே எடுக்கிறாப்ல ஆயிடும் சார்.”

நானும் மனைவியும் வீட்டில் வேறு வேலை பார்க்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை வரை சிவப்பு அதை ஒட்டியே நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தினமும் போய்க் கட்டு மாற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. ஆனாலும் என் ஒரு காலுக்காக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அவரைப் போய்ப் பேசிய பேச்சையெல்லாம் நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கட்டைப் பிரித்துக் குனிந்து பார்த்தார். “செவப்பு கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ எறங்கிடுச்சு சார். இனிமே பயமில்ல.”

பிறகு கத்தரியால் செத்த தோலை வெட்டிப் புண்ணைக் கழுவத் தொடங்கினார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் கையை நிறுத்தினார்.

“எரியுதா சார்?”

“இல்லம்மா. ஒண்ணுமே தெரியல. நீங்க பாக்கலன்னா, இது எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா.”