சித்தி துலக்கிய கண்ணாடி

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் சித்தப்பா, தொலைநோக்கி செய்வதற்காக, எங்கள் தென்னூர் வீட்டுக் கொல்லையில் ஒரு தடித்த வட்டக் கண்ணாடியைத் தகர டிரம்மின் மேல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து மாதக்கணக்காகத் தேய்த்தார். பக்கத்து வீட்டார் ஏதோ வேண்டுதல் என்றே நினைத்தார்கள். கண்ணாடி குழிந்ததும், மதராஸில் ஆள் பிடித்து வாங்கிய மருந்தை ஊற்றி அதன்மேல் மெல்லிசாக வெள்ளி ஏற்றினார். அதைக் குழாயில் பொருத்திப் பார்த்தபோது, மொட்டைமாடியிலிருந்து ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. எனக்கு அது போதாதா? சனிக்கிரகத்தின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று வகுப்பு முழுவதையும் வீட்டுக்கு அழைத்துவிட்டேன்.

அவர்கள் வருவதாக இருந்த அன்று காலை சித்தப்பா குழாயிலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, "வெள்ளி கறுத்துப்போச்சே" என்று முனகி, மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் விளையாடிவிட்டு வந்தபோது சித்தி அதை மடியில் வைத்து விபூதி போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக் குங்குமச் சிமிழை அப்படித்தான் துலக்குவாள். வெள்ளி என்றால் வெள்ளிதானே.

"வர்ற பசங்க கறுத்த கண்ணாடியிலயா பாப்பாங்க? அழுக்கு எப்படிப் போயிருக்கு பாருடா."

போனது அழுக்கில்லை, வெள்ளி. கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் புடவைப் பூ தெரிந்தது.

சித்தியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பார்த்தேன். என் மூக்கே நாலாகத் தெரிந்தது. பிய்த்தெறிந்துவிட்டு, காய்ச்சல் என்று அறிவித்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். சித்தி மிளகுக் கஷாயம் கொண்டுவந்தாள். அதையும் குடித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்து கண்ணாடியைக் கையில் எடுத்தார். அதன் வழியே அவருடைய உள்ளங்கை ரேகை தெரிந்தது.

"நல்லா வந்திருக்குங்களா?" என்றாள் சித்தி.

அதை மெல்ல மேஜைமேல் வைத்துவிட்டு, "பளபளன்னு இருக்கு" என்றார்.

வாசலில் வந்து நின்ற பையன்களிடம், "மேகமா இருக்குப்பா. போயிட்டு வாங்க" என்றார். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.

"ஏன்டா சனி, மேகம் எங்கடா?" என்று ஒருவன், போர்வையோடு எட்டிப்பார்த்த என்னைக் கேட்டான். பள்ளி முடியும்வரை அதுவே என் பெயரானது.

சித்தப்பா கிணற்றடியில் போய் உட்கார்ந்தார். "இனிமே மாசாமாசம் நானே துலக்கிடறேங்க" என்று உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "சரி" என்றார். அந்தத் தொலைநோக்கிக் குழாய் வழியாக அதன்பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கிணற்றடியில் நான் அவர் காதருகே போய், "சித்தப்பா, வெள்ளி போயிடுச்சு" என்றேன்.

"எங்க போச்சு?" என்றார்.

இத்தனை கெட்டிக்கார மனுஷனுக்கு நடந்ததுகூடத் தெரியவில்லையே என்று, பாவம், அவருக்காக அழுதேன்.