மெட்டில்டா வராத காலை

மெட்டில்டாவுக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல். அப்பாவும் கடல், கட்டியவரும் கடல். மெட்டில்டா மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார். துறைமுகத்தை ஒட்டி இருக்கும் எங்கள் கன்டெய்னர் யார்டில் டைப் அடிக்கச் சேர்ந்தவர், படித்துப் படித்து ஒரு பிரிவுக்கே அதிகாரி ஆனார்.

நான் அங்கே கார் டிரைவர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவருடைய வேலையை நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: வாசல் கேட்டில் லாரியைப் பதிகிற புரோகிராம் எடைமேடையோடு பேச வேண்டும், எடைமேடை சுங்கத்துக்கு எழுதுகிற புரோகிராமோடு பேச வேண்டும். ஒன்றை மாற்றினால் எது நின்றுபோகும் என்று முன்னாலேயே பார்த்துச் சொல்வது. அந்தக் கோடுகளையெல்லாம் ஒரு பெரிய தாளில் வரைந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தார். ஆனால் சுவரைப் பார்க்க ஆள் கிடையாது. எது என்றாலும் அவரைக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவிலும் பைக்குள் போன் அதிரும்.

போன தை மாதம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து உமாராணி என்ற அம்மா வந்தார். இந்த வேலை எங்கள் யார்டில் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஐந்துக்கு எத்தனை என்று போடுவார். மூன்று வந்தால் பிரிவு இங்கேயே இருக்கும். குறைந்தால் சென்னைக்குப் போய்விடும். வலை இழுக்கிற புருஷனைக் கூட்டிக்கொண்டு மெட்டில்டா சென்னையில் எங்கே போவார்?

ஷிப்ட் பொறுப்பாளர் வேல்ராஜ் எல்லாரையும் கூட்டிச் சொன்னான்: "அந்தம்மா என்ன கேட்டாலும் மெட்டில்டா அக்கா பேரத்தான் சொல்லணும். ஒருத்தனும் விட்டுக்குடுத்துரக் கூடாது."

அப்படியே சொன்னார்கள். புதுசு வாங்க யார் முடிவெடுப்பது? அக்கா. பழுதானால் யாரிடம் போவீர்கள்? அக்காவிடம்தான்.

சாயங்காலம் உமாராணியையும் மெட்டில்டாவையும் காரில் ஏற்றி வந்தேன். உமாராணி மெதுவாகச் சொன்னார்: "வரைபடம் இருக்கு, விதி எழுதியிருக்கு. அதுக்கு மூணு போடலாம். ஆனா யாருமே அதப் பாக்கறதில்லையே. எல்லாரும் உங்க பேரையே சொல்றாங்க. நீங்க காய்ச்சல்ல படுத்தா இந்த யார்டு என்ன ஆகும்? ஒண்ணுதான் போட முடியும்."

கண்ணாடியில் பார்த்தேன். மெட்டில்டா சீட் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் மேடம். கேட்டுப் பழகிட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கு நீங்க வராதீங்க. கேட்டுக்குப் புது புரோகிராம் விக்க ஒருத்தர் வர்றார். அவங்களே முடிவு பண்ணட்டும். முன்னாடியே சொல்லி வைக்கக் கூடாது. போன் எடுக்கவும் கூடாது."

காரில் கேட்டது காரோடு. அது என் வழக்கம்.

மறுநாள் காலை மெட்டில்டா, "வீட்ல இருந்தா போன எடுத்துருவேன் அண்ணாச்சி, எங்கயாவது கொண்டு போங்க" என்றார். கடற்கரையில் வண்டியை நிறுத்தினேன். பின்சீட்டில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். பத்தரைக்கு அவர் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நான் முருகனைக் கூப்பிட்டேன், அவர் மாதாவைக் கூப்பிட்டார்.

அப்புறம் என் போன் அடித்தது. என்னை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. எடுத்தேன்.

"அண்ணாச்சி, அக்கா எடுக்க மாட்டேங்காவ. ஒங்க கூட இருக்காவளா?" வேல்ராஜ்தான்.

திருச்செந்தூருக்கு வருஷா வருஷம் நடந்து போகிறவன் வாய். பொய் வரவில்லை. "கூடத்தான் இருக்காவ."

"அப்பாடா! குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"வெளையாடாதீய அண்ணாச்சி! இங்கன ஒருத்தன் டை கட்டிட்டு வந்து எல்லாத்தையும் மாத்திருவேங்கான். அந்தம்மா பேனாவும் கையுமா எங்க வாயையே பாத்துக்கிட்டு இருக்கு. நாங்க என்னத்தச் சொல்ல?"

பின்னாலிருந்து மெட்டில்டாவின் கை போனுக்கு நீண்டது. நான் திரும்பவில்லை. கை என் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. சுவரைப் பாருலே என்று எனக்கே நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். கடைசியில் கை தானாகப் பின்னால் போயிற்று.

"எனக்கு ஒண்ணும் தெரியாது வேல்ராஜ். வச்சிருதேன்."

அதற்குப் பிறகு போன் வரவில்லை. அந்த அமைதிதான் பெரிய வேதனை. மெட்டில்டா கதவைத் திறந்து இறங்கினார், மறுபடி ஏறினார். "தண்ணி வேணுமாம்மா?" என்றேன். அதற்குள் மறுபடி இறங்கிவிட்டார்.

மத்தியானம் உமாராணியே கூப்பிட்டார். மூன்று. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்பாராம். மெட்டில்டா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நடந்ததை வேல்ராஜ் பிறகு சொன்னான். வழி தெரியாமல் பழக்க தோஷத்தில் அக்கா நாற்காலியைப் பார்த்திருக்கிறான். ஆள் இல்லை, பின்னால் தாள் இருந்தது. விரலை வைத்துக் கோட்டோடு போய், "எங்க எடை இந்த வழியாத்தான் சுங்கத்துக்குப் போவுது. ஒங்கதுல எந்த வழியா போவும்?" என்று கேட்டானாம். விற்க வந்தவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். "அப்ப விசாரிச்சிட்டே வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எல்லாரும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறார்கள். ஒரு நாள் வேலை முடிந்து கொண்டுபோய் விடும்போது மெட்டில்டா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு கால் போடுங்க. ரிங் போவுதான்னு பாப்போம்."

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கால் போட்டேன். நன்றாகத்தான் அடித்தது. அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.