குளிர் அறை வாடகை

நம்ப வேண்டுமென்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இது நடந்தது. கிட்வே நகரத்தில், என் வீட்டில், எனக்கே.

வியாழக்கிழமை மதியம். என் முடி பின்னும் கடையில் கூட்டமில்லை. கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. 'குளிர் அறை வாடகை, சிங்கோலா. 900 க்வாச்சா. திங்கள், மாலை 6.10.'

நான் சிங்கோலா பக்கம் போய் ஒரு வருடம் ஆகிறது. வங்கிக்கு போன் போட்டேன்.

"கார்டை மெஷின்ல சொருகி, ரகசிய எண்ணும் போட்டிருக்காங்க மேடம். கார்டு உங்ககிட்ட இருக்கா?"

"என் கையிலேயே இருக்கு."

"அப்ப வீட்ல இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க," என்றாள் வங்கிப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வீட்டில் இருந்தது தம்பி சிசாங்கா மட்டும்தான். செம்பு ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். என் ரகசிய எண் அவனுக்குத் தெரியும். ஆனால் திங்கள் மாலை ஆறே காலுக்கெல்லாம் அவன் என் வாசலில் நின்றான். கதவைத் திறந்ததே நான்தான். சிங்கோலாவிலிருந்து இங்கே வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

அவன் வந்த விதமும் சரியில்லை. நடந்து வந்திருந்தான்.

"லாரி எங்கடா?"

"விட்டுட்டு வந்துட்டேன்க்கா."

அவ்வளவுதான். அதன் பிறகு சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. சோளக்களியும் கருவாடும் வைத்தேன். காய்ந்து போயிற்று. ஏதோ தகராறு, வேலை போய்விட்டது, தானாகச் சொல்வான் என்று விட்டுவிட்டேன். நான் கடைக்குக் கிளம்பும்போது மட்டும் வாயைத் திறப்பான்.

"எப்ப வருவேக்கா?"

ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. அதே குரல்.

வெள்ளிக்கிழமை காலை வங்கியில் முகவரி வாங்கி, மினிபஸ் பிடித்து சிங்கோலா போனேன். இறைச்சிக் கிடங்காக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாசலில் சவப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

வெள்ளைக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். கபெம்ப்வா என்று பெயர்.

"சிசாங்காவோட அக்காவா? நாலு நாளா காத்திட்டிருக்கோம்மா."

"பணத்தைத் திருப்பிக் கேக்க வந்தேன்யா. ஏதோ தப்பு நடந்திருக்கு."

"முதல்ல ஆளைப் பாருங்க."

பிணங்களை வைக்கும் குளிர் அறைக்குள் கூட்டிப்போய், ஓர் இரும்புத் தட்டை இழுத்தார். கிர்ர்ர்ர்...

தம்பி.

நெஞ்சு நசுங்கியிருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை.

என் பையில் போன் அடித்தது.

திரையில் அவன் பெயர்.

"எடுக்காதீங்கம்மா," என்றார் திரையை எட்டிப் பார்த்த பெரியவர்.

எடுத்தேன்.

பின்னால் என் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது...

"எப்ப வருவேக்கா?"

பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேரையும் போதகரையும் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். யாருமில்லை. ரேடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியைத் தொட்ட போதகர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தது.

லாரி கவிழ்ந்தது திங்கள் நண்பகல் என்று போலீஸ் சொன்னது. சட்டைப் பையில் எந்த அடையாளமும் இல்லாததால் வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியவில்லையாம்.

ஞாயிறு அடக்கம் செய்தோம். கபெம்ப்வாவும் வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"பணம் கட்டினது யாருய்யா?"

"அன்னைக்குக் கரண்ட் இல்லம்மா. முகம் சரியாத் தெரியல. வாலிபன் குரல். செத்தவன் பேரையும் உங்களைப் பத்தியும் அவன்தான் சொன்னான். நீங்களே வருவீங்க, ஆள் அனுப்ப வேணாம்னான். கிளம்பும்போது பக்கத்துத் தட்டைத் தொட்டுப் பார்த்து, 'இது காலியா?'ன்னு கேட்டான். ஆமான்னேன்..."

"அப்புறம்?"

"'யாருக்கும் குடுத்துடாதீங்க. இதுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கேன். அக்காவுக்கு இடம் வேணும்'னான்."