பெண்கள் படித்துறைக்கு மேலே ஒரு காட்சி மேடை

தாமிரபரணிக் கரையில் நாங்கள் கழித்த நான்கு நாள்களைப் பற்றிய குறிப்பு இது. முதலில், திருநெல்வேலி மாநகரின் தொழிலையும் சுற்றுலாவையும் வளர்ப்பதற்கென்று இயங்கும் அரசு மேம்பாட்டு முகமையின் மீது எனக்குள்ள புகார்களைத் தேதி வாரியாகப் பதிவு செய்கிறேன்.

1. பிப்ரவரி 7, சனி, காலை 6.25. முகமையின் இணையதளம் பரிந்துரைத்த ‘உதயக் காட்சி மேடை’யில் ஏறி, சூரியனைப் படமெடுப்பதாக எண்ணிக்கொண்டு, குளித்துக்கொண்டிருந்த பெண்களைப் படமெடுத்தேன்.

2. அதே நாள், காலை 7.10. அந்தப் படித்துறையை மறைத்து நின்ற தாழம்புதர், மேடையிலிருந்து ஆறு தெரிய வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்டதை அறிந்தேன்.

3. பிப்ரவரி 9, திங்கள், காலை 11.15. அதே படித்துறை முகமையின் கோப்பில் ‘பயன்பாட்டில் இல்லாதது’ என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

4. அதே நாள், காலை 11.40. அந்தப் பெண்கள் வாயால் சொன்ன எதுவும் ஆட்சேபணையாகாது என்று எனக்கு விளக்கப்பட்டது.

இனி, பயணம்.

நானும் என் மனைவி ஜெயாவும் மதுரையில் வசிக்கிறோம். நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். வெள்ளியும் திங்களும் விடுப்புக் கிடைத்ததால், முகமை வெளியிட்டிருக்கும் நதிப் பயண வழித்தடத்தை அப்படியே பின்பற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வெள்ளி மாலை ஏழரைக்குத் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினோம். ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அறை, நாளொன்றுக்கு 1,400 ரூபாய். சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை காலை 5.40க்கு ஆட்டோ வந்தது. போக வரப் பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு கிலோமீட்டர், காத்திருப்பும் சேர்த்து 900 ரூபாய். ஓட்டுநர் முருகன் வண்டியைக் கிளப்பாமல் யோசித்தார்.

“இத்தன வெள்ளனயாவா அண்ணாச்சி? பைய ஒரு காப்பியக் குடிச்சிட்டு எட்டு மணிக்கு மேல போவலாம்லா?”

இணையதளத்தில் உகந்த நேரம் ஆறு முதல் ஏழரை என்று போட்டிருக்கிறது என்றேன்.

“போட்டவன் எட்டு மணிக்குத்தான் எந்திரிச்சிருப்பான்” என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். ஏன் தயங்குகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் குற்றம் அது.

மேடை உறுதியாகவே கட்டப்பட்டிருக்கிறது. எஃகுக் கைப்பிடி, நின்று படமெடுத்துக்கொள்ள ஆளுயரச் சட்டம், முகமையின் சின்னம். ஆறு அங்கே வளைகிறது. மருத மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. கைப்பேசியை உயர்த்தி இரண்டு படங்கள் எடுத்திருப்பேன். ஜெயா என் முழங்கையைப் பற்றித் திருப்பினாள்.

“கீழ பாருங்க.”

நேர் கீழே, முப்பது அடியில், ஏழு பெண்கள் கழுத்துவரை நீருக்குள் அமிழ்ந்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஈரச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாளியுடன் படியேறி மேடைக்கே வந்தார். நாற்பது வயதிருக்கும். பீடி சுற்றுபவர். பேச்சியம்மாள் என்பது பெயர்.

“என்ன சார், நல்லா விழுந்திருக்கா? தல தெரியுதா, முதுகு மட்டுந்தானா?”

மன்னிப்புக் கேட்டேன். படங்களை அழித்தேன்.

“அழிச்சதக் காட்டுங்க.”

காட்டினேன்.

“குப்பைக்குள்ள கெடக்கும்லா? அங்கனயும் போயி அழிங்க. எம் மவ சொல்லியிருக்கா.”

ஆற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “ஏளா பேச்சி, விடு! பாவம், அந்த மனுசன் வெளிறிப் போயி நிக்காரு!”

“நிக்கட்டும். நாம கழுத்துமுட்டத் தண்ணிக்குள்ள நிக்கலியா?”

பிறகு அவர் ஜெயாவிடம் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வளைவுக்கு மேலே ஆண்கள் துறை, கீழே பெண்கள் துறை. காலை எட்டு மணிவரை எந்த ஆணும் வளைவைத் தாண்டுவதில்லை. மாடு குளிப்பாட்ட வருபவர்கூட, அவசரமென்றால், தூரத்திலேயே இருமிவிட்டுத்தான் வருவார். இதற்குப் பலகையும் இல்லை, காவலும் இல்லை. தாழம்புதர் இருந்தது, அதுவும் போய்விட்டது.

“இருட்டுக்குள்ள அஞ்சி மணிக்கே வாரோம். எல்லாருக்கும் முடியுமா? மேடையில ஆளு நின்னா கசத்துக்குப் போவுதோம். போன மாசம் எம் மவ அங்கன வழுக்கி உள்ள போயிட்டா. சடையப் புடிச்சில்லா இழுத்தேன்.”

ஆற்றின் ஆழமான மடுவுக்கு அங்கே கசம் என்று பெயர். படித்துறையிலிருந்து அரைக் கிலோமீட்டர் கீழே இருக்கிறது. ஒரு புகைப்படச் சட்டத்துக்காக அந்த ஊர்ப் பெண்கள் அதில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறன்று பேருந்தில் பாபநாசம் சென்றோம். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேமுக்கால் மணி நேரம். அருவியில் நீர் நன்றாக விழுந்தது. என்னால்தான் எதையும் ரசிக்க முடியவில்லை.

திங்கள் காலை முகமை அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் பெரிய வரைபடம். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆறு நீலக் கோடாக ஓடுகிறது. அதன் கரையில் ஊர்கள் இல்லை, கேமராச் சின்னங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதிகாரி மரியாதையானவர். அந்தப் படித்துறைக்கான கோப்பை எடுத்துக் காட்டினார். நான்கு புகைப்படங்கள், நான்கிலும் வெறும் படிகள்.

“ஒரு ஆளு இருக்கா, நீங்களே பாருங்க சார்.”

படத்தின் ஓரத்தில் நேரம் பதிவாகியிருந்தது: 11.52.

“பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் யாராவது குளிக்கிறார்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஊர்ப் பெண்கள் நான்கு முறை அங்கே வந்து முறையிட்டதாகப் பேச்சியம்மாள் சொல்லியிருந்தார்; அதை அவர் மறுக்கவில்லை. “வாயால சொன்னதக் கோப்புல எப்படி சார் வைக்கது? எழுத்துல ஒண்ணும் வரலயே.”

பிற்பகல் இரண்டு மணிக்கு ஜெயாவும் நானும் மறுபடி அந்த ஊரில் இருந்தோம். மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

“நீங்க எழுதினா மதுரக்காரரு புகாருன்னு தள்ளிப்புடுவான்” என்றார் பேச்சியம்மாள். “எழுத்துலதான் வேணுமாக்கும்? எழுதுதோம். தாள மட்டும் குடுங்க.”

ஜெயா தன் குறிப்பேட்டிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்துக் கொடுத்தாள். பேச்சியம்மாள் பீடித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்து எழுதினார். கோரிக்கை இரண்டே வரி: வெட்டிய இடத்தில் தாழையை மீண்டும் நட வேண்டும்; அது ஆள் உயரம் வளரும்வரை மேடையைப் பூட்டி வைக்க வேண்டும். இதைவிடத் தெளிவான திட்ட அறிக்கையை என் பணிக்காலத்தில் நான் வாசித்ததில்லை. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். முருகனின் ஆட்டோவில் மூன்று பெண்களும் ஜெயாவும் நானும் நெருக்கியடித்துச் சென்று மனுவைக் கொடுத்து, 4.35க்கு அலுவலக முத்திரையுடன் நகல் பெற்றோம். முருகன் வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

சுற்றுலா கூடாது என்பவன் அல்லன் நான். வரும் பணம் அந்த ஊர்களுக்கும் வேண்டும். ஆனால் ஓரிடத்தை உலகுக்குக் காட்டப் புறப்படும் அலுவலகம், அந்த இடம் விழித்திருக்கும் நேரத்தில் ஒருமுறையாவது அங்கே போயிருக்க வேண்டும்.

இதே வழியில் செல்லவிருப்போருக்கு: சந்திப்புக்கு அருகில் தங்குங்கள். ஆற்றங்கரை ஊர்களுக்குக் காலை ஒன்பதுக்குப் பிறகு செல்லுங்கள். உதயம் பார்க்க ஆசையென்றால் விடுதி மாடியே போதும். எந்தத் துறையில் இறங்கலாம் என்று கரையில் இருப்பவரிடம் கேளுங்கள். அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் இன்னும் பத்துப் பேர் பார்க்கப் போவார்கள்.

முகமைக்கு: பிப்ரவரி 9 அன்று நீங்கள் முத்திரையிட்டுப் பெற்ற மனுவுக்கு, மார்ச் 10, செவ்வாய், மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். மேடை எந்த நாளில் பூட்டப்படும், தாழை எந்த நாளில் நடப்படும் என்ற இரண்டு தேதிகள் அதில் இருக்க வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது தேதி அல்ல. பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். மனுவின் முதல் கையெழுத்து பேச்சியம்மாளுடையது. கதவிலக்கம் அதிலேயே இருக்கிறது.