மௌனத்துக்குப் பாயிண்ட் இல்லை

என் நிக்காஹ் நாளில், முதல் முறை கேட்டபோது நான் "சம்மதம்" என்று சொல்லவில்லை. கேட்டவர் என் தாய்மாமா, காதர் மாமு. சென்ற வாரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. "மாமு மவுத்தாயிட்டாகம்மா. டீயைக் குடிச்சிட்டு பேப்பர்ல கடைசிப் பக்கத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாகளாம். அப்படியே போயிட்டாக." அழுவதற்கு முன் எனக்கு நினைவு வந்தது அந்தச் சொல்லாத சொல்தான். கடைசிப் பக்கம் என்றால் விளையாட்டுச் செய்தி என்று, அவரை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

துக்க வீட்டில் நீங்கள் எல்லோரும் ஒரு கதையைச் சொல்லிச் சிரித்தீர்கள். கபடிக்காக மருமகள் நிக்காஹ்வையே நிறுத்தி வைத்த மனுஷன் என்ற கதை. அது பாதிதான் உண்மை. மீதியை எழுதவே இதை எழுதுகிறேன்.

மாமுவுக்குத் தொழில் திராட்சை வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி நடுவர். ஒருமுறை ஜெயமங்கலத்தில் ஓர் இறுதிப் போட்டியில் உள்ளூர் அணிக்குத் தவறாக ஒரு பாயிண்ட் கொடுத்துவிட்டார். ஆட்டம் நகர்ந்த பிறகு தானே விசில் அடித்து நிறுத்தி, மைக்கை வாங்கி, "நான் பாத்தது தப்பு. குடுத்ததத் திருப்பி எடுக்குறேன்" என்றார். "ஏலே, குடுத்ததப் புடுங்குறது வியாபாரி புத்தி!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "வியாபாரத்துல அழுகல் பழத்த மாத்தித் தரலன்னா மறுநாள் கடைக்கு வருவியா?" என்று மைக்கிலேயே கேட்டார் மாமு. உள்ளூர்க்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

அவர் தீர்ப்புகளில் வீட்டில் மிகவும் பிரபலமானது ஒன்று உண்டு. கபடியில் பாடிப் போகிறவர் வாய் ஓயாமல் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் அவுட். மாமி கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் மாமு அடுப்படி வாசலில் நின்று கையைத் தூக்குவார். "பாட்டு நின்னுருச்சு. மாமி அவுட்டு!" மாமியால் கோபத்தைக் காப்பாற்றவே முடிந்ததில்லை. "இந்த மனுஷனோட சண்டை போடக்கூட நாதியில்ல" என்பார்.

இனி அந்த நாள். கம்பத்தில் ஒரு மண்டபம். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அதே நேரத்தில் சீனாவில் ஆசிய விளையாட்டின் ஆண்கள் கபடி இறுதிப் போட்டி, இந்தியாவுக்கும் ஈரானுக்கும். காலையில்தான் நம் பெண்கள் அணி ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் தங்கம் வாங்கியிருந்தது. அது இந்தியாவுக்கு நூறாவது பதக்கம். பிரியாணி கிண்டுகிறவர்களிடம்கூட "நூறு போட்டாச்சுப்பா!" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் மாமு.

மாடி அறையில் மாப்பிள்ளையின் பெரியம்மா என் தலையில் பூ வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேனி பஜாரில் கடை. "கல்யாணத்துக்கு லீவு எழுதிக் குடுத்தியாமே, அப்படியே வேலைய விடுறேன்னும் எழுதிக் குடுத்திருக்கலாம்ல. எங்க வீட்டுப் பொம்பளையாளுக என்னத்துக்கு பஸ்ஸுக்கு நிக்கணும்?" என்றார்கள், பூவிலேயே கண்ணாக. பெரியகுளத்தில் ஒரு கல்லூரி நூலக வேலை என்னுடையது. நான் தேடிப் பெற்ற வேலை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மாமு இரண்டு சாட்சிகளுடன் வந்தார். பெண்ணிடம் சம்மதம் கேட்டு வரும் பொறுப்பு அவருக்கு. ஒரு காதில் இயர்போன். முறைப்படி கேட்டார். நான் பேசவில்லை. மணப்பெண் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று கொள்வது வழக்கம். சாட்சியாக வந்திருந்த பெரியத்தா, என் அப்பாவின் அண்ணன், "போதும் காதரு, பிள்ள வெக்கப்படுது. வா, பிரியாணி ஆறுது" என்றார்.

மாமு நகரவில்லை. "வெக்கப்படுற பிள்ள கால் வெரலப் பாக்கும். இது ஜன்னலப் பாக்குது. பாட்டு நின்னுருச்சு அண்ணே, நான் பாயிண்ட் தரமாட்டேன்." உடனே இயர்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அங்கனயும் ஆட்டத்த நிப்பாட்டிட்டாக!"

இரண்டு அணிகளும் சமமாக இருந்த கடைசி நேரத்தில், நம் ஆட்டக்காரர் யாரையும் தொடாமல் ஓரப் பகுதிக்குள் போய்விட்டார். ஈரான்காரர்கள் அவரைத் துரத்தி உள்ளே போனார்கள். பழைய விதிப்படி துரத்திப் போனவர்களும் அவுட், புதிய விதிப்படி நம் ஆட்டக்காரர் மட்டும்தான் அவுட். இதைச் சாக்காக வைத்து மாமு சாட்சிகளைப் படியில் உட்காரவைத்து, அவர்களில் ஒருவர் செல்போனில் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தார். பிறகு என்னிடம், "என்ன ஆத்தா?" என்றார். வேலையை விடச் சொல்கிறார்கள் என்று சொன்னேன்.

"இத மாப்ள சொன்னாரா, பெரியம்மா சொன்னாகளா?"

"பெரியம்மா."

"அப்ப ஆடுறவன் சொல்லல. இது வேடிக்கை பாக்குற கூட்டத்துச் சத்தம். இரு, கேட்டுட்டு வர்றேன்."

மேடையில் நடந்ததை என் கணவர் பிறகு சொன்னார். அவரும் கழுத்துப் பூமாலைக்குள் செல்போனை ஒளித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மாமு பக்கத்தில் உட்கார்ந்து, "பழைய ரூலா, புது ரூலா?" என்று முதலில் கேட்டாராம். "பழசுன்னுதான் நெனைக்கிறேன் மாமு." "எங்க பிள்ள வேலைக்குப் போவாளா, மாட்டாளா?" "போவாக மாமு. பெரியகுளம் பஸ்ஸு நம்ம கடை வாசல்லதான நிக்குது." மாமு, நிக்காஹ் ஓதும் ஹஜ்ரத்துக்காக வைத்திருந்த மைக்கை அவர் பக்கம் திருப்பினாராம். "சத்தமாச் சொல்லுங்க மாப்ள."

மாடி வரை கேட்டது. பெரியம்மா திரும்பி வந்து என் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கை ஒரு கணம் நின்றது. பிறகு, "பஸ் பாஸ் எடுத்துக்க. செலவு கம்மி" என்றார்கள்.

ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. பாயிண்டைக் கொடுத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். கீழே பசித்த கூட்டம் மாமுவைத் திட்டியது. "கபடிக் கிறுக்கன் நிக்காஹ்வ நிப்பாட்டிட்டான்" என்றது. அவர் மறுக்கவில்லை, அன்று மட்டுமல்ல, என்றுமே மறுக்கவில்லை. கடைசியில் தீர்ப்பு நமக்கு வந்தபோது மண்டபமே அலறியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மாமு படியேறி வந்து, முதல் முறையாக இயர்போனைக் கழற்றினார்.

"இப்பக் கேக்குறேன்."

"சம்மதம் மாமு."

"பெரியத்தாவுக்குக் கேக்கலயாம்."

"சம்மதம்!"

பாயிண்ட் கொடுக்கும்போது தூக்குவாரே, அப்படியே கையைத் தூக்கினார்.

அவர் விசில் மாமியிடம் இருக்கிறது. அந்த உயர்த்திய கையை நான் வைத்துக்கொள்கிறேன். அரைமனதாக எதற்காவது தலையாட்டப் போகும் நேரங்களில் அது எனக்குத் தெரிகிறது.

அன்று இந்தியா தங்கம் வென்றது. நிக்காஹ் மாலை அஸர் தொழுகைக்கு முன் முடிந்தது. பிரியாணி சற்றுக் குழைந்திருந்தது. விடுப்பு முடிந்ததும் கடை வாசலில் பஸ் ஏறி நான் வேலைக்குப் போனேன்.