கராஜ் ஷட்டருக்கு அடியில் இரண்டு கையுறைகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது கட்டுக்கதை இல்லை. போன அக்டோபர் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் நடந்தது. அன்றிலிருந்து ருமைஸா தன் வீட்டுக் கராஜ் பக்கம் தனியாகப் போவதே இல்லை. இத்தனைக்கும் அவள் பல்லியை வெறுங்கையால் பிடித்து வெளியே போடுகிற ஆள்.

மகள் ஆலியாவுக்கு எட்டு வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதமாக ஒரு சிநேகிதிகூடக் கிடைக்காமல் தவித்த பிள்ளை. ஹாலோவீனுக்கு வீட்டுக்கு வருவதாகக் காம்பவுண்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ருமைஸாவுக்கு இந்தப் பேய்க் கூத்தெல்லாம் ஆகாது. ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை.

கடையில் எதுவும் வாங்கவில்லை. கறுப்புக் குப்பைப் பைகளைக் கிழித்துக் கராஜ் ஷட்டரில் தோரணமாக ஒட்டினார்கள். முட்டை அட்டையை வெட்டி, வெள்ளையடித்துக் கண்கள் செய்தார்கள். கடைசியாக, ஷட்டரை முழங்கால் உயரத்தில் நிறுத்தி, அதனடியில் ஓர் ஆள் மாட்டிக் கிடப்பதுபோல ஒரு பொம்மை. அது ஆலியாவின் யோசனை.

பொம்மைக்கு என்று மட்டும் கேட்டதும், அவள் வாப்பா ராஜிக், சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடுப்பான கவரால் ஒன்றும் கையுறைகளும் கொண்டுவந்திருந்தான். டைல்ஸ் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர் அவன். யூனிஃபார்முக்கா பஞ்சம்? செய்தித்தாளைக் கசக்கி அடைத்தார்கள். உடம்பு உள்ளே, ஆரஞ்சு நிறக் கையுறைகள் வெளியே. உள்ளங்கைகள் தரையைப் பார்த்தபடி.

கவரால் பையில் நூலால் தைத்த எண்: 4417.

மணி 5.40. மஃரிப் பாங்கு கேட்டது. ருமைஸா தொழப் போனாள்.

6.01. திரும்பி வந்து பார்த்தால்... கையுறைகள் இரண்டும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன.

"ஆலியா, நீ திருப்பி வச்சியா?"

"நோ உம்மா. நான் பிரஷ் கழுவிட்டு இருந்தேன்."

காற்றாக இருக்கும். குனிந்து திருப்பினாள். காகிதம் சரசரக்கவில்லை. கனமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தரை, அதனால்தான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

6.07. ஷட்டரின் உட்பக்கமிருந்து... டக். டக்... டக்.

அந்தக் கராஜுக்கு வேறு வாசல் கிடையாது.

ராஜிக்கைப் போனில் அழைத்தாள்.

"என்னங்க, அந்தக் கவரால் யாருது?"

"அதை எப்படிப் போட்டிருக்கீங்க?"

"ஷட்டருக்கு அடியில..."

"யா அல்லாஹ்! எடுத்துடு. இப்பவே எடு!"

திரும்பினாள். ஆலியாவைக் காணோம்.

ஷட்டருக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. பொம்மையின் தலையைச் சரிசெய்ய உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தாள்.

6.12. கர்ர்ர்ர்...

சுவிட்சை யாரும் தொடவில்லை. ஷட்டர் இறங்கியது.

"ஆலியா!"

ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தாள். நிற்கவில்லை.

பிள்ளையின் இடுப்புக்கு மேல் ஒரு சாண்...

நாலு விரல்...

நின்றது.

கையுறைகள் தரையில் இல்லை. நிமிர்ந்து நின்றன. ஷட்டரைத் தாங்கிக்கொண்டு.

விரல்கள் நடுங்கின.

காலைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வெளியே வந்த மறுநொடி...

டமார்!

ஆலியா அழவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் ஒன்று கேட்டாள். "உம்மா, தாயின்னா என்ன?"

"யார் சொன்னா?"

"உள்ள ஒரு அங்கிள். 'வெளிய போ தாயி, ரொம்ப நேரம் பிடிக்க முடியாது'ன்னாங்க."

அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

6.50-க்கு ராஜிக் வந்தான். மகளைக் கட்டிக்கொண்டு அழுதபடியே சொன்னான். 4417, கார்மேகத்தின் எண். சிவகங்கைப் பக்கத்து ஆள். பிப்ரவரியில் ஃபேக்டரியில் சரக்கு ஏற்றும் லோடிங் பே ஷட்டருக்கு அடியில் மாட்டிய ஒருவனை வெளியே தள்ளிவிட்டு, தான் மாட்டிச் செத்தவன். ரூம் ஆட்கள் அவன் சாமான்களையெல்லாம் பெட்டி கட்டி ஊருக்கு அனுப்பினார்கள். யூனிஃபார்ம் மட்டும் கம்பெனி சொத்து, ஸ்டோருக்குத் திரும்பிவிடும். செத்தவர்களுடையதை வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி.

"லாக்கர்ல இருந்த இன்னொரு செட்டு. புதுசாட்டம் இருந்துச்சு. வெட்ட மனசு வரல" என்றான். "போன்ல அவன் மகளைத் தாயின்னுதான் கூப்பிடுவான்."

"எத்தனை மணிக்கு... செத்தாரு?"

"ரிப்போர்ட் நான்தான் எழுதுனேன். சாயங்காலம் 6.12."

மறுநாளே கவராலையும் கையுறைகளையும் பெட்டி கட்டி, கார்மேகத்தின் மனைவி கருப்பாயிக்குக் கப்பல் கார்கோவில் அனுப்பினான். ஐந்து வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"உடுப்பு வந்து சேந்துச்சுங்க. ஒண்ணு கேக்கணும்... இம்புட்டு நாளு பொட்டிக்குள்ள கெடந்த கையொறை, எப்படிங்க இன்னும் சூடா இருக்கு?"